ஞானையன் சாரின் டூர்பில்லான்

ஸ்டாண்டில் செங்குத்தாக நிறுத்தியிருந்த டூர்பில்லான் வாட்ச் எந்திரம், படுத்துக் கிடப்பதுபோல் ஓடிக்கொண்டிருந்தது. மைக்கில் அதன் துடிப்பைக் கேட்டு, உள்ளே சக்கரம் ஆடும் வீச்சைக் காட்டும் மெஷினில் முந்நூறு டிகிரி. கிடத்தினால்தான் அவ்வளவு வரும். நிறுத்தினால் இருநூற்றெழுபதுக்கு இறங்கியாக வேண்டும். வாட்ச் ரிப்பேர் கடைக்காரர் பகவதிப்பெருமாள் மூன்று தடவை எடுத்து வைத்துப் பார்த்தார். முந்நூறுதான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சாலைக் கடைத்தெரு முழுக்க அடைத்துக் கிடந்தது. முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்ட ஷட்டருக்கு அடியில் மழைச் சாரலும் நனைந்த சாக்கு வாடையும் உள்ளே வந்துகொண்டிருந்தன.

பாக்கெட்டில் நிமிர்ந்தே நிற்கும் கடிகாரத்தைப் பூமி கீழே இழுத்து நேரத்தைக் கெடுக்கிறது என்று, இருநூறு வருஷத்துக்கு முன் பாரிஸில் ஒருவர் அதன் இதயத்தையே குட்டிக் கூண்டில் வைத்து நிமிஷத்துக்கு ஒரு சுற்று சுற்றவிட்டார். அதுதான் டூர்பில்லான். நாற்பது வருஷமாகப் படத்தில் மட்டுமே பார்த்த அந்தக் கூண்டு, சர்வீஸுக்கு வந்த ஞானையன் சாரின் வாட்சில் இருந்தது. மனசு கேட்கவில்லை. எந்திரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு, வித்தியாசம் தெரியாத போலி ஒன்றைப் பொருத்திக் கொடுத்துவிட்டார். அடுத்த வாரமே சார் போய்ச் சேர்ந்தார்.

போன் அடித்தது. சாரின் மனைவி சுசீலாபாய்.

"அண்ணா, நேத்து அடக்கத்துக்கு வரல்லியே நீங்க? வாட்ச அவரு கையிலயே கெட்டி விட்டாச்சு, கேட்டியளா. கல்லறையில இருந்து எழும்பும்போ சமயம் பாக்கண்டாமான்னு எப்பவும் சிரிப்பாரு. நீங்க செரியாக்குனதில்லியா, கரெக்டா ஓடும்னு ஒரு சமாதானம்."

சொல்லிவிட நினைத்தார். வாய் "ஓடும் தங்கச்சி" என்றது. போனை வைத்தபோது தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மெஷினில் எண் இறங்கியது. இருநூற்றுத் தொண்ணூறு. எண்பது. எழுபது.

அவர் எதையும் தொடவில்லை.

படுத்திருந்தது எழுந்து நின்றுவிட்டது.

எண் ஆடத் தொடங்கியது. ஏறியது, இறங்கியது. கை வீசி நடப்பவர் கையிலிருக்கும் வாட்ச் இப்படித்தான் ஆடும். மழை விட்டிருந்தது. சாக்கு வாடை போய், புதிதாக வெட்டிய மண்ணின் வாடை.

ஆட்டம் நின்றது.

எந்திரத்தைப் பிடுங்கிக் கைக்குள் பொத்தினார். கொடுத்துவிடு. மனசு கெஞ்சியது. விரல் விரியவில்லை.

ஷட்டருக்கு அடியில் ஒரு கை நுழைந்தது. நகமெல்லாம் செம்மண். விரல்களில் பிடித்திருந்த, போலி எந்திரம் ஓடும் வாட்சை மெல்ல உள்ளே தள்ளி வைத்தது. பிறகு, சர்வீஸ் முடிந்ததை வாங்க வந்தவர் நீட்டுவதுபோல், உள்ளங்கையை மலர்த்திக் காத்திருந்தது.