ஜன்னலில் குரங்கு

ஒரே பொங்கலில் ஏழு ஜல்லிக்கட்டுக் காளைகளை அடக்கிய விருமாண்டியை, ஒன்பது வயதுச் சின்னத்தாய் ஒற்றைக் கையால் அடக்கினாள். அதுவும் எப்படி? தலையில் ஒரு முடிகூட இல்லாமல், எழுந்து நிற்கத் தெம்பில்லாமல், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே!

நாகமலை புதுக்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் சின்னத்தாய் இதைச் சொன்னதும் வகுப்பே சிரித்தது. ஜேசுராஜ் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

"உங்க மாமா மீசையில பாதிகூட இல்ல உன் தலைமுடி. நீ அவரை அடக்குனியாக்கும்? புளுகுறதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

"நெசமாத்தான்டா. முழுசாக் கேளு, அப்புறம் சிரி" என்றாள் சின்னத்தாய்.

நடந்தது 1983ஆம் வருஷம், பொங்கல் முடிந்த கையோடு.

அதற்கு முந்தைய மாதமே அவளுக்குக் காய்ச்சல் வந்து, போக மாட்டேன் என்று அடம்பிடித்தது. யாரும் அடிக்காமலே கைகாலில் நாவல்பழக் கறை மாதிரி நீலம் நீலமாகக் கன்றிப்போனது. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். ரத்தப் புற்றுநோய் என்றார் டாக்டர். அந்தப் பேரைக் கேட்டதும் அம்மா முத்துத்தாய் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அம்மா சுவரைப் பிடித்ததைப் பார்த்ததும் சின்னத்தாய் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் ரத்தத்துல களை முளைச்சிருக்கு பாப்பா. மருந்தடிச்சா களை சாகும். ஆனா கொஞ்ச நாளைக்குப் பயிரும் வாடும். பயப்படாத" என்றார் டாக்டர்.

பயப்படாதே என்று சொன்னால் பயம் போய்விடுமா? இன்னும் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

மருந்து ஊசி வழியாக இறங்கியது. வாந்தி வந்தது. சாதாரண வாந்தியா அது? போன தீபாவளிக்குத் தின்ற அதிரசம்கூட வெளியே வந்துவிடும் போலிருந்தது. வாயெல்லாம் புண். பூப்போன்ற இட்லிகூட முள்ளாகக் குத்தியது.

மூன்றாம் வாரம் ஒரு காலையில் அவள் எழுந்தாள். சடை எழவில்லை. தலையணையிலேயே கிடந்தது.

அம்மா கண்ணாடியைக் கூடைக்குள் ஒளித்து வைத்தாள். சின்னத்தாய் எவர்சில்வர் டம்ளரில் பார்த்துக்கொண்டாள். டம்ளருக்குள் ஒரு தேங்காய், கண்ணை உருட்டி அவளைப் பார்த்தது.

அதைவிடப் பெரிய பயம் பக்கத்துக் கட்டிலில் இருந்தது. அங்கே ஒரு பையன் படுத்திருந்தான். ஒருநாள் காலையில் அவன் இல்லை, மெத்தை மட்டும் சுருட்டிக் கிடந்தது. அவன் எங்கே போனான் என்று யாரும் சொல்லவில்லை. சின்னத்தாயும் கேட்கவில்லை. சுருட்டிய மெத்தைக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அன்றைக்கே அவளுக்கு மூக்கில் ரத்தம் வர ஆரம்பித்தது. பஞ்சு வைத்தார்கள். நிற்கவில்லை. வைத்த பஞ்சை எல்லாம் சேர்த்தால் ஒரு தலையணையே தைத்திருக்கலாம்.

"புது ரத்தம் ஏத்தணும். இன்னைக்கே ஏத்தணும்" என்றார் டாக்டர்.

அப்பா ரத்தம் சேரவில்லை. அம்மா ரத்தமும் சேரவில்லை. அம்மாவின் அண்ணன் விருமாண்டி ரத்தம் மட்டும் சேரும். நான்கு வருஷத்துக்கு முன்னால் காளை முட்டி விழுந்தபோது அவருடைய ரத்தத்தைச் சோதித்து எழுதிக் கொடுத்திருந்தார்கள். அப்போது அவருக்கு நினைவே இல்லை. நினைவில்லாததால்தான் ஊசியே போட முடிந்தது என்பது பிறகுதான் தெரிந்தது!

தகவல் போய் ஒரு மணி நேரத்தில் மாமா வந்துவிட்டார். அவர் நடந்து வந்த அதிர்வில் மருந்து பாட்டில்கள் கிணுகிணுத்தன. வந்தவர் சின்னத்தாயின் தலையைப் பார்த்தார். மீசை துடித்தது.

"ஏத்தா முத்துத்தாயி! தாய்மாமன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். என் மடியில உக்கார வைக்காம புள்ளைக்கு யாரு மொட்டை போட்டது? எந்தக் கோயில்ல போட்டீக?"

"யாரும் போடல மாமா. மருந்து போட்ட மொட்டை" என்றாள் சின்னத்தாய்.

மாமாவின் மீசை தொங்கிப்போனது. அவர் மெதுவாக அவள் தலையைத் தடவினார்.

"உனக்கு என்னத்தா வேணும்? சொல்லு. மலையைப் பேத்துக்கிட்டு வாரேன்."

"மலை வேணாம். ஒரு பாட்டில் ரத்தம் போதும்" என்று சொல்லி, நர்ஸ் சூசையம்மாள் அவரை ரத்தம் எடுக்கும் அறைக்கு அழைத்துப் போனார்.

போன வேகத்தில் மாமா திரும்பி ஓடி வந்தார். ஒரு பெஞ்சு கவிழ்ந்தது. இரண்டு வாளிகள் உருண்டன. ஆஸ்பத்திரி முற்றத்து வேப்பமரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

"ஊசியைப் பாத்ததும் ஓடிட்டாரு. நாலு பேரு பிடிச்சும் நிக்கல" என்று மூச்சு வாங்கினார் சூசையம்மாள்.

அம்மா அழுதாள். சின்னத்தாய் சுருட்டிய மெத்தையைப் பார்த்தாள். மூக்குப் பஞ்சு மறுபடி நனைந்திருந்தது. ஆனாலும் மாமா மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. ஊசிப் பயம் எப்படி இருக்கும் என்று அந்த ஆஸ்பத்திரியில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

"அக்கா, என்னைய மாமாகிட்டக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று சூசையம்மாளிடம் கேட்டாள்.

டாக்டர் தலையைச் சொறிந்தார். "அஞ்சு நிமிஷம்தான்" என்றார். சூசையம்மாள் அவள் வாயையும் மூக்கையும் சுத்தமான துணியால் கட்டி, சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிப் போனார்.

"மாமா, பயமா இருக்கா?"

"பயமா? எனக்கா? காத்து வாங்க வந்தேன்."

வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

"எனக்குப் பயமா இருக்கு மாமா" என்றாள் அவள்.

மாமா மரத்தை விட்டுவிட்டு அவள் முன்னால் உட்கார்ந்தார். "எனக்குந்தான் தாயி" என்றார் மெல்லிய குரலில்.

"எனக்குக் காது குத்துனப்ப நான் யாரு மடியில உக்காந்திருந்தேன்?"

"என் மடியிலதான்."

"அப்ப இன்னைக்கு முறையை மாத்திக்குவோம். நீங்க என் மடியில கையை வைங்க."

ஊரே பார்த்து நடுங்கும் அந்தக் கை, வாழைத்தண்டு மாதிரி அவள் மடியில் வந்து விழுந்தது. அவள் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே இரண்டு பேரும் ரத்த அறைக்குப் போனார்கள். அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த கல்கண்டை வாங்கி, சின்னத்தாய் மாமா வாயில் போட்டாள். அவளுக்குக் காது குத்தும்போது மாமா செய்ததும் அதுதான். அடுத்து அவர் என்ன செய்தார் என்பதும் அவளுக்கு நினைவிருந்தது.

"மாமா, அந்தா ஜன்னல்ல குரங்கு!"

"எங்க?"

அவ்வளவுதான். சூசையம்மாள் ஊசியை ஏற்றிவிட்டார். கண்ணாடி பாட்டில் சிவக்க ஆரம்பித்தது.

"குரங்கக் காணோமே தாயி?"

"என் மடியில கைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு மாமா!"

மாமா சிரித்த சிரிப்பில் ஜன்னல் கதவுகள் இரண்டும் படபடவென்று அடித்துக்கொண்டன.

அன்று மாலை மாமாவின் ரத்தம் சொட்டுச் சொட்டாக அவளுக்குள் இறங்கியது. விளக்கு வைக்கும் நேரத்தில் மூக்கு ரத்தம் நின்றது. நர்ஸ் வந்து பஞ்சைப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. அம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மாமா, உங்க ரத்தம் ஏறுனா எனக்கும் மீசை முளைக்குமா?"

"மொதல்ல தலையில முளைக்கட்டும்த்தா."

முளைத்தது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது அரை அங்குல முடியோடு வந்துவிட்டாள். மாதம் ஓர் ஊசி இன்னும் பாக்கி இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பயம் கூடவே பஸ் ஏறி வருகிறது. மாமாவும் வருகிறார்.

"கதை நல்லாத்தான் இருக்கு" என்றான் ஜேசுராஜ். "ஏழு காளையைப் பிடிச்சவரு இல்லாத குரங்கைத் தேடுனாராம். யாராச்சும் நம்புவாங்களா?"

அப்போதுதான் வாசலில் பெட்டியோடு ஓர் அம்மா வந்து நின்றார். பள்ளிக்கூடத்துக்குத் தடுப்பூசி போட வந்தவர். சின்னத்தாய்க்கு இப்போது அது வேண்டாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். மற்ற எல்லாருக்கும் உண்டு.

முதல் பெஞ்சில் முதல் ஆள் ஜேசுராஜ். சற்றுமுன் தட்டித் தட்டிச் சிரித்த பெஞ்சையே இப்போது இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டான்.

யாரும் கூப்பிடாமலே சின்னத்தாய் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஜேசு, அந்தா ஜன்னல்ல குரங்கு!"

ஜேசுராஜ் சட்டென்று திரும்பிப் பார்த்தான்.

ஊசி போட்டு முடிந்தது. அவன் வெறும் ஜன்னலைப் பார்த்தான். கையைப் பார்த்தான். பிறகு சின்னத்தாயைப் பார்த்தான். காது மடல் சிவந்துபோனது.

"இல்லைன்னு தெரிஞ்சும் பாத்துட்டேனே..." என்று கையைத் தேய்த்துக்கொண்டே முனகினான். "சரி புள்ள, ஒத்துக்கிறேன். உங்க மாமாவை நீ அடக்குனது நெசந்தான்."