கதை கேட்ட பனிக்கரடி

"மப்ளரைச் சப்பாதேடா" என்று அம்மா அன்று மாலை எத்தனையாவது முறையாகச் சொன்னார் என்பது அவருக்கே தெரியாது. பொடியன் அதைக் காதில் வாங்கவே இல்லை. கம்பளி மப்ளரின் நுனி அவன் வாயில் ஊறிக்கொண்டே இருந்தது.

பனிச் சிற்பங்களும் வண்ண விளக்குகளும் நிறைந்த கண்காட்சிக்கு அவர்கள் வந்திருந்தார்கள். பொடியனின் அக்கா மின்மினி, அவளுடைய வகுப்புத் தோழன் நெட்டையன், பேருந்து ஓட்டும் சித்தப்பா ஆகியோரும் உடன் இருந்தனர். வாசலில் கொடுத்த தடித்த கோட்டு எல்லோருக்கும் முழங்காலைத் தாண்டித் தொங்கியது. நெட்டையனுக்கு மட்டும் இடுப்போடு நின்றுவிட்டது.

உள்ளே நீல ஒளியில் ஒரு பனி மாளிகை மின்னியது. பச்சை ஒளியில் ஒரு திமிங்கிலம் வாலைத் தூக்கி நின்றது.

சித்தப்பா வழக்கமான கதையைத் தொடங்கினார். "ஒருநாள் நல்ல மூடுபனி. குறுகலான பாலம். பஸ்ஸைப் பின்னாடியே எடுக்குறேன்..."

"தெரியும் சித்தப்பா. எதிர்ல லாரி வந்துச்சு" என்றாள் மின்மினி.

"லாரி வர இன்னும் நேரம் இருக்கு. அதுக்குள்ள என்ன அவசரம்?"

அவர் பேசப் பேச, மூச்சு ஆவியாக எழுந்து மூக்குக் கண்ணாடியை மறைத்தது. துடைத்தபடியே பேசினார். பிள்ளைகள் நைசாக நழுவினார்கள்.

"அக்கா..." என்று ஒரு மெல்லிய குரல் கேட்டது.

குழந்தைகள் தொட்டுப் பார்ப்பதற்காக வைத்திருந்த பனிக்கரடிக் குட்டியின் அருகே பொடியன் நின்றான். கரடியின் காதில் அவனுடைய மப்ளர் சுற்றியிருந்தது.

"காது குளிருமேன்னு கட்டிவிட்டேன். இப்ப வர மாட்டேங்குது."

அவன் சப்பிய ஈர நுனி பனியோடு பனியாக உறைந்துவிட்டது. நெட்டையன் அதை இழுக்கக் கை நீட்டினான்.

"இழுக்காதே தம்பி" என்று ஓடி வந்தார் சிற்பி. அந்தக் கரடியைச் செதுக்கியவர் அவர்தான். "காது ரொம்ப மெலிசு. இழுத்தா கையோட வந்துரும்."

"வெந்நீர் ஊத்தலாமா?" என்று கேட்டார் அம்மா.

"விரிசல் விட்ரும்மா. மப்ளரை வெட்டித்தான் எடுக்கணும்."

பொடியனின் உதடு பிதுங்கியது. அது அம்மா தம் கையால் பின்னிக் கொடுத்த மப்ளர்.

மின்மினி சுற்றுமுற்றும் பார்த்தாள். சித்தப்பா மறுபடியும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் முகம் மலர்ந்தது.

"சித்தப்பா, அந்தப் பாலத்துக் கதையை முதல்லேர்ந்து சொல்லுங்க."

"இப்பவா?"

"இப்பவேதான். எங்களுக்கில்ல, கரடிக்கு. காதுகிட்ட வாயை வெச்சு, ஒண்ணு விடாம சொல்லுங்க."

சிற்பி ஒரு கணம் யோசித்தார். "மூச்சுச் சூடு இதமாத்தான் இருக்கும். சொல்லுங்க சார், பார்ப்போம்."

சித்தப்பா மண்டியிட்டார். மூடுபனி வந்தது. பாலம் வந்தது. பேருந்து அங்குலம் அங்குலமாகப் பின்னால் நகர்ந்தது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. கடைசியாக லாரி வந்தபோது, மப்ளர் நுனி மெல்ல அசைந்து, சிற்பியின் விரலோடு வந்துவிட்டது.

காதில் கம்பளியின் பின்னல் அப்படியே பதிந்திருந்தது. சிற்பி விளக்கைச் சற்றுத் திருப்பினார். காதின் வழியே பாய்ந்த ஒளி, சுவரில் பின்னல் பின்னலாக விரிந்தது. கூட்டம் கைதட்டியது.

"இது இப்படியே இருக்கட்டும்" என்று சிரித்தார் சிற்பி. "அது சரி, லாரி வந்துச்சே, அப்புறம் என்ன ஆச்சு?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அது அவர்களுக்கும் தெரியாது.

"லாரியை ஓட்டினவங்க இறங்கி வந்து, கையைக் காட்டிக் காட்டி என் பஸ்ஸைப் பாலத்தைத் தாண்ட வெச்சாங்க" என்றார் சித்தப்பா. "அவங்கதான் உங்க சித்தி. அப்படித்தான் எங்களுக்குள்ள பழக்கம் ஆச்சு."

அம்மா மட்டும் தமக்குள் சிரித்துக்கொண்டார்.

"இதை ஏன் எங்ககிட்ட சொல்லவே இல்ல?" என்று கேட்டாள் மின்மினி.

"எங்கே சொல்ல விட்டீங்க? லாரி வர்றதுக்குள்ள ஓடிடுறீங்க. இந்தக் கரடிதான் இருந்து கேட்டுச்சு."