புரோகோர் முனை

எங்கள் கப்பல் வடதுருவக் கடலில் உள்ள நோவயா ஸெம்ல்யா தீவின் கிழக்குக் கரையை அடைந்தபோது வரைபடத்தில் அந்த இடம் வெறும் வெள்ளையாகக் கிடந்தது. அளவை அதிகாரி லாவ்ரெந்த்சேவுக்குக் கை சும்மா இருக்காது. கண்ணில் பட்ட பாறைக்கெல்லாம் பெயர் வைத்துக்கொண்டே வந்தார். தளபதிகள், அவர்களுடைய மனைவிமார் எல்லாம் முடிந்து, அவர் வீட்டு நாய்கூட ஒரு விரிகுடா ஆகிவிட்டது.

"இந்த முனையை முதல்ல பாத்தது உன் தம்பிதானே, மித்ரோஃபான்? அப்ப இது புரோகோர் முனை" என்றார் ஒரு காலை, கடலுக்குள் நீண்டிருந்த பாறையைக் காட்டி.

எங்கள் ஊர் இருக்கும் வெள்ளைக்கடல் பக்கம் ஒரு முனைக்கு ஆள் பெயர் இருந்தால், அந்த ஆள் அங்கே புதைந்திருக்கிறான் என்று அர்த்தம்.

"வேணாம் ஐயா. உயிரோட இருக்கறவன் பேரை நாங்க வைக்க மாட்டோம்."

"அதுக்காக அவன் சாகற வரைக்கும் நான் காத்திருக்கணுமா?" என்று சிரித்தபடியே மையைத் தொட்டு எழுதிவிட்டார்.

புரோகோருக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பெயர்ப் பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "விடுண்ணா, நம்மூருல எவனுக்கு முனை இருக்கு? உனக்கு இருக்கா?" என்று சிரித்தான். அம்மா செத்த பிறகு நான் தூக்கி வளர்த்தவன். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

முனைக்குப் போன படகில் நான் சுக்கான் பிடித்தேன். அவனும் இன்னொரு மாலுமி சவ்வாத்தியும் துடுப்புப் போட்டார்கள். கரையில் பாறை அதிகம் என்பதால் நாங்கள் இருவரும் படகைப் பிடித்துக்கொள்ள, புரோகோர் மட்டும் மேலே ஏறினான். அளவைக்காக முந்தின நாள் நட்ட கம்பத்தில் பலகையை அறைய வேண்டும். அவ்வளவுதான்.

சுத்தியல் சத்தம் கேட்டது. அதற்குள் மூடுபனி இறங்கி முனையை மறைத்தது. ஈரமண் வாடை அடித்தது. அந்தக் கரையில் வெறும் கல்தான், மண்ணே கிடையாது.

நாலு ஆணி அடிக்கும் வேலை. சத்தம் நிற்கவே இல்லை.

"என்ன, கோயிலா கட்டுறான்?" என்றான் சவ்வாத்தி. அவனும் சிரிக்கவில்லை.

பனிக்குள்ளிருந்து புரோகோர் வந்தான். பேசாமல் ஏறி உட்கார்ந்து துடுப்பை எடுத்தான். எங்கள் தாடியெல்லாம் நனைந்திருந்தது. அவன் தாடியில் ஒரு துளி ஈரம் இல்லை. எங்கள் மூச்சு புகையாய் வந்தது. அவனிடமிருந்து எதுவும் வரவில்லை.

மேலே சுத்தியல் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

மூடுபனியில் கரையை விட்டுக் கிளம்பும் முன் சுக்கான் பிடிப்பவன் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். எங்கள் வழக்கம் அது.

"சவ்வாத்தி."

"இருக்கேன்."

"புரோகோர்."

"இருக்கேண்ணா."

குரல் முனையிலிருந்து வந்தது.

எதிரே இருந்தவனின் வாய் மூடியே இருந்தது.

"கெளம்பிடலாம்" என்று சவ்வாத்தி கிசுகிசுத்தான்.

"மேல இருக்கறது என் தம்பிடா."

"அப்ப இது?"

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. குதித்து இறங்கி, முழங்கால் தேய மேலே ஏறினேன். நான் மேலே எட்டியதும் சத்தம் நின்றது. கம்பத்தடியில் சுத்தியல் கிடந்தது. அவன் கையுறை ஒன்றும் கிடந்தது. உள்ளே விரலை விட்டேன், சூடாக இருந்தது. ஆள் இல்லை. கத்திக் கத்திக் கூப்பிட்டேன். பதில் இல்லை.

அந்தப் பெயர்தான் அவனைப் பிடித்து வைத்திருக்கிறது என்று தோன்றியது. பலகையைப் பெயர்த்துக் கடலில் வீசினேன். வீசியதும் மனசு லேசானது. இனி கீழே இருப்பவன் என் தம்பியாகத்தான் இருப்பான் என்று நம்பிக்கொண்டே இறங்கினேன்.

சவ்வாத்தி படகின் நுனியில் ஒண்டிக்கொண்டு நின்றான். மற்றவன் இருந்த இடத்திலேயே இருந்தான். என் கைகளைப் பார்த்துவிட்டு முதல் தடவையாகப் பேசினான். புரோகோரின் குரலேதான்.

"பலகையைக் கழட்டிட்டியாண்ணா?"

"ஆமா."

"ஐயோ பாவம். இனிமே அவன் எங்க கெடக்கறான்னு யாருக்குமே தெரியாதே."

பலகை மிதந்து போன பக்கம், தண்ணீருக்கு மேல், சுத்தியல் சத்தம் கேட்டது. அது தூரமாகப் போய்க்கொண்டே இருந்தது.