நடுப்பட்டை

டீ போடட்டுமா என்று அதீஃப் கேட்டு நான்கு வினாடி கழித்துத்தான் ஜைனபிடமிருந்து பதில் வந்தது.

மனைவி தாமதமாகப் பதில் சொல்வது எந்தப் புருஷனுக்கும் புதிதில்லை. காதிலேயே விழாத மாதிரி இருந்துவிட்டு மறுநாள் அதற்குச் சண்டை பிடிப்பவர்களும் உண்டு. ஆனால் ஜைனப் கேட்பதற்கு முன்பே பதிலை வைத்திருப்பவள். இப்போது பிடோக் அடுக்குமாடி வீட்டின் சமையலறையில், நெத்திலி பொரியும் சட்டியின் முன்னால், எண்ணெய் சலசலக்க, ஜன்னல் வழியாகச் சாரல் பட்ட சிமெண்ட் வாசம் உள்ளே வர, முதுகைக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"ம், போடுங்க."

எண்ணுவது அவனுக்குத் தொழிலால் வந்த பழக்கம். விமானங்களைத் தரைக்குக் கொண்டுவரும் ரேடார் அறையில் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்தவன். அந்தத் திரை நான்கு வினாடிக்கு ஒருமுறைதான் விமானத்தைப் பார்க்கும். புள்ளி ஓரிடத்தில் நிற்கும். அடுத்த சுற்றில் கொஞ்சம் தள்ளி நிற்கும். நடுவில் அது எங்கே இருந்தது என்று திரைக்கும் தெரியாது, பார்ப்பவனுக்கும் தெரியாது. அதைப் பற்றி ஒன்பது நாளுக்கு முன்புவரை அவன் கவலைப்பட்டதே இல்லை.

அன்று சாயங்காலம் திருச்சியிலிருந்து வந்த விமானத்தில் ஜைனபும் ஆறு வயது மகள் இல்ஹாமும் இருந்தார்கள். வீட்டார் வருகிற விமானம் என்றால் மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு நாற்காலியை வேறொருவருக்கு விட வேண்டும் என்பது அந்த அறையின் வழக்கம். அதீஃப் சொல்லவில்லை. ஊரார் பெண்டாட்டி பிள்ளைகளை எல்லாம் பத்திரமாக இறக்கியவனுக்கு, தன் வீட்டாரை ஒருமுறை தன் கையாலேயே இறக்கிவிட ஆசை. சின்ன ஆசைதான்.

அந்த விமான நிலையத்தில் இரண்டு ஓடுபாதைகள், பக்கத்துப் பக்கத்தில். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் விமானங்கள் இறங்கும். இரண்டு வழிகளுக்கும் நடுவே திரையில் சிவப்பாக ஒரு பட்டை. அதற்குள் எதுவும் வரக்கூடாது. வந்துவிட்டால் விதி ஒன்றுதான்: வழி தவறி வந்ததை விட்டுவிடு, ஒழுங்காக வருகிற மற்றதைத் திருப்பி அனுப்பு. ஒழுங்காக வருவது சொன்னால் திரும்பும், வழி தவறியது திரும்பாது என்பதுதான் கணக்கு.

அன்று திடீரென்று வீசிய சுமத்ரா காற்றில் வலதுபக்க விமானம் பட்டைக்குள் சரிந்தது. இடதுபக்கம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது திருச்சி விமானம். அதைத் திருப்புவதென்றால், அதற்கும் இடதுபக்கம் நின்ற இடிமேகத்துக்குள் அனுப்ப வேண்டும். இல்ஹாமுக்கு இடி என்றால் உயிர் போய்விடும். அதீஃப் பேசும் பொத்தானை அழுத்தினான். வாய் திறந்தது. வார்த்தை வரவில்லை.

அடுத்த சுற்றில் இரண்டு புள்ளிகளும் ஒன்றாக இருந்தன. அதற்கடுத்த சுற்றில் மறுபடி இரண்டு.

இரண்டு விமானங்களும் இறங்கின. உயரத்தில் இருநூறு அடி வித்தியாசம் இருந்ததாம். இல்ஹாம் பெட்டி வண்டியின் மேல் தூங்கிக்கொண்டே வந்தாள். அதீஃப் அத்தனை கூட்டத்துக்கு நடுவில் தூணில் சாய்ந்து அழுதான்.

விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். மேலதிகாரி யாமினி தினமும் போன் செய்தாள்.

"ரெண்டும் சேஃபா லேண்ட் ஆயிடுச்சு லா. மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

"யாமினி, ரெண்டு புள்ளியும் ஒண்ணாயிட்டுப் பிரியும்போது, எது எதுன்னு பேரை யார் ஒட்டுறது?"

"சிஸ்டம்தான். உங்களுக்குத் தெரியாததா?"

"அது தப்பா ஒட்டியிருந்தா?"

"தூங்குங்க அதீஃப்," என்றாள்.

சனிக்கிழமை மூவரும் தேக்கா சந்தைக்குப் போனார்கள். மல்லிகை வாசமும் மசாலா நெடியும் மீன் கவிச்சியும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கிற அந்தக் கூட்டத்தில், தாயும் மகளும் சிராங்கூன் ரோட்டின் இந்தப் பக்கம் கைகோத்து நின்றதை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். இமைக்கவில்லை. பிறகு அவர்கள் அந்தப் பக்கம் நின்றார்கள். நடக்கவில்லை. நடுவில் பஸ்கள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன.

அன்றிலிருந்து வீட்டில் எண்ண ஆரம்பித்தான். இல்ஹாம் நாற்காலியில் இருப்பாள். நான்கு. ஜன்னலோரம் இருப்பாள். யாரிடம் போய்ச் சொல்வது? உயிரோடு வந்து சேர்ந்தவர்களைப் பார்த்துப் பயமாக இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? பயத்தைவிட வெட்கம்தான் அவனை அதிகம் அரித்தது.

ரேடியோவில் அந்தி நேரத்து மஃரிப் பாங்கு முடிந்தது. மழை வலுத்தது. அவன் டீயோடு கூடத்து சோபாவில் வந்து உட்கார்ந்தான். அங்கிருந்து பார்த்தால் குறுகலான நடை. அதன் கோடியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வாசல்; இடது சமையலறை, வலது படுக்கையறை.

இடது வாசலில் ஜைனப் நின்றாள். தொழுகைக்குப் போடும் வெள்ளைத் துப்பட்டி போர்த்தியிருந்தாள். அடுப்படியில் பார்த்தபோது அது இல்லை. வலது வாசலில் இல்ஹாம்.

நான்கு. இருவரும் ஓரடி கிட்டே இருந்தார்கள். ஜைனப் இடது சுவரோரம். இல்ஹாம் வலது சுவரோரம்.

நான்கு. இன்னும் ஓரடி. கால் எடுத்து வைத்ததை அவன் பார்க்கவில்லை.

"இல்ஹாம்மா, அங்கேயே நில்லும்மா."

நான்கு.

"சரி அத்தா."

இல்ஹாம் சுவரை விட்டுச் சரிந்திருந்தாள். நடையின் நடுவில் இருந்தாள்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. நடையின் நடுதான் அந்தச் சிவப்புப் பட்டை. ஜைனப், திரும்பிப் போ. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஆனால் அவளுக்குப் பின்னால் சமையலறை விளக்கு அணைந்திருந்தது. அடுப்பு தெரியவில்லை, சுவர் தெரியவில்லை. கறுப்பாக மேகம் புரண்டுகொண்டிருந்தது. அதற்குள் போனால் அடுத்த சுற்றில் வருவாளா? எதுவாக வந்திருந்தாலும் அவள் ஜைனப். அவன் வீட்டில், அவன் கண் முன்னால் நிற்கிற ஜைனப்.

வாய் திறந்தது.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

நடையில் ஒருத்திதான் நின்றாள்.

ஜைனபின் உயரம். ஜைனபின் துப்பட்டி. அதற்குள் முன்பல் விழுந்த சிரிப்பு.

பிரிந்துவிடும். அன்றைக்குப் பிரிந்ததே. அவன் எண்ணினான். நான்கு. பிரியவில்லை. நான்கு. பிரியவில்லை.

நான்கு. நடை காலி.

சோபா அவன் பக்கத்தில் அமுங்கியது. நெத்திலி வாசமும் குழந்தைப் பவுடர் வாசமும் சேர்ந்து வந்தன.

"ஏன் எங்களைத் திருப்பல?"

பெரிய குரலும் சின்னக் குரலும் ஒரே மூச்சில்.

அவன் முகத்தைத் திருப்பவில்லை. குனிந்து மடியைத்தான் பார்த்தான். துப்பட்டிக்குள்ளிருந்து ஜைனபின் வளையல் போட்ட கை நீண்டிருந்தது. அதன் முனையில் இல்ஹாமின் சின்னஞ்சிறு விரல்கள், ரோட்டைக் கடக்கும்போது பிடிப்பது போல, அவன் சுண்டுவிரலை இறுக்கிப் பிடித்திருந்தன.