சீமெந்துக்கடியில் வரி வரியாக

கருவி போகும்போது எடுத்த படமும் திரும்பும்போது எடுத்த படமும் ஒத்துப்போகவில்லை. றுக்ஷானா மடிக்கணினியைக் கிட்ட இழுத்தாள்.

தொண்ணூறாம் ஆண்டு, போர்க்காலத்தில், குடும்பம் விட்டுப்போன வீடு. திரும்பி வந்தபோது பின் அறைக்கு மட்டும் யாரோ புதுச் சீமெந்து பூசியிருந்தார்கள். தன் கலியாணத்துக்கு முன் அதை உடைத்துக் குளியலறை கட்டவேண்டும் என்று தம்பி சப்ரான் அலவாங்கோடு நிற்கிறான். அடியில் வெடி ஏதும் கிடந்தால்? அவளோடு வேலை செய்யும் ஜெறோம் நிலத்தடியைப் பார்க்கும் கருவியைக் கொண்டுவந்து, அறை முழுவதும் வரி வரியாக, ஒவ்வொரு வரியிலும் போயும் வந்தும் இழுத்துவிட்டு, "ஒண்டுமில்லை" என்று போய்விட்டான்.

கருவியின் கோப்பு வெறும் எண்கள்தான். பழைய முறை எல்லா இழுப்புகளையும் சராசரியாக்கி ஒற்றை வரியாகச் சுருக்கிவிடும். றுக்ஷானா இன்று அதை விரித்திருந்தாள்: ஒவ்வொரு இழுப்பும் தனி வரி, அடுக்கினால் படம். போகும்போது எடுத்ததில் கதவடியில் ஒரு கறுப்பு. திரும்பும்போது எடுத்ததில் அதே கறுப்பு அறை நடுவில்.

சீமெந்துக்கடியில் கிடப்பது நகராது. ஜெறோம்தான் ஏதோ செய்திருக்கிறான். அவனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"ஜெறோம் அண்ணை, அந்தத் தரவுகளிலை கை வைச்சனீங்களோ?"

"எனக்கென்ன விசரே பிள்ளை? உம்மடை புது ஃபோர்மற்றிலைதான் பிழை. நம்பாட்டில் மெஷின் அங்கைதானே கிடக்கு, நீரே இழுத்துப் பாரும்."

மஃரிப் தொழுகை முடிந்து தெரு அடங்கியிருந்தது. ஈரச் சுண்ணாம்பு மணக்கும் அந்த அறையில், கருவியின் சில்லுகள் கரகரவென்று உருள, அவள் சுவரோரம் தொடங்கி ஒவ்வொரு வரியாக இழுத்தாள். திரையில் கறுப்பு உருவம் கொண்டது. இரண்டு பாதங்கள். உள்ளங்கால்கள் மேலே பார்த்தபடி. அவள் நின்ற இடத்துக்கு நேர் கீழே.

கைப்பிடியை விட்டாள். கருவி நின்றது. திரையில் வரிகள் நிற்கவில்லை. ஒன்று. இன்னொன்று. பாதங்கள் கதவுப் பக்கம் திரும்பின.

"என்ன ராத்தா, வீடு கூட்டுறியளோ?" சப்ரான் வெறுங்காலோடு உள்ளே வந்தான்.

"வராதை!"

அவன் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை.

"ராத்தா... கால் எடுபடுதில்லை."

சீமெந்தில் ஒரு வெடிப்புக்கூட இல்லை. அவன் நின்ற இடத்தில், திரையில், வெறுமையாக அவன் பாதங்களின் வடிவங்கள் இரண்டு. ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு கையின் ஐந்து விரல்கள். இறுக மடிந்து.