பொட்டு வைக்காத டெலிபோன்

காலை மணி 9.05.

சென்னம்மாள் கம்ப்யூட்டர் சுவிட்சைப் போட்டாள். டிவியில் ஒன்றும் வரவில்லை. அணைத்துவிட்டுப் பத்து வரை எண்ணி மறுபடியும் போட்டாள். அப்போதும் வெறும் கறுப்புதான்.

என்ன வர வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். திரை முழுக்க வெள்ளையாகி, அடியில் இங்கிலீஷில் ஒரு வரி நிற்க வேண்டும். ஆறு மாதமாகத் தினமும் பார்த்த வரி அது. நேற்றுச் சாயங்காலம் நாலு மணிக்குக்கூட ஒழுங்காக வந்தது.

1988, விஜயதசமி நாள். இடம், நெருப்பெரிச்சல் என்ற ஊரில் தங்கவேலுவின் பனியன் கம்பெனி. அந்தக் கம்ப்யூட்டரை அவருடைய மச்சான் லண்டனிலிருந்து கொண்டுவந்து கொடுத்திருந்தார். சிலேட்டு அளவுதான் இருக்கும், மேலே ரப்பர் பட்டன்கள். அதற்கென்று தனித் திரை கிடையாது. டிவியில் வயர் மாட்டித்தான் பார்க்க வேண்டும். டைப்பிஸ்ட் வேலைக்கு வந்த சென்னம்மாள், கூடவே வந்த புத்தகத்தைத் தட்டுத் தடுமாறிப் படித்து, பனியன் துணியில் எந்தக் கலர் கோடு எவ்வளவு அகலத்தில் வரும் என்பதைத் திரையில் காட்டும்படி செய்திருந்தாள். மிஷினில் துணி ஓட்டாமலே டிசைன் பார்த்துக்கொள்ளலாம். பதினொரு மணிக்கு ஜெர்மனியிலிருந்து பனியன் வாங்கும் பையர் வருகிறார். இதை அவருக்குக் காட்டி ஊரில் பெரிய கம்பெனிக்காரர்களோடு சரிக்குச் சரி நின்றுவிட வேண்டும் என்பது தங்கவேலுவின் ஆசை.

அவள் போய்ச் சொன்னதும் தங்கவேலு மேஜை மேலிருந்த கறுப்பு டெலிபோனை எடுத்து நஞ்சப்பனைக் கூப்பிட்டார்.

மணி 9.40.

நஞ்சப்பனுக்கு ரேடியோ, டிவி ரிப்பேர் தொழில். ஒருமுறை பக்கத்துக் கம்பெனியில் காணாமல் போன மோட்டாரை, சைக்கிள் தடத்தை வைத்தே கண்டுபிடித்துக் கொடுத்தான். அன்றிலிருந்து ஊரில் அவனுக்கு சிஐடி என்று பேர். கேலியாகத்தான் கூப்பிட்டார்கள். அவனோ அதை மெய்யென்றே எடுத்துக்கொண்டான். தன் மூளை மேல் அவனுக்கு வேண்டியதற்கு மேலேயே மரியாதை உண்டு.

வேலையில் மட்டும் குறை சொல்ல முடியாது. முதலில் வீடியோ டெக்கை டிவியில் மாட்டினான். படம் பளிச்சென்று ஓடியது. ஆக, டிவியில் கோளாறு இல்லை. கம்ப்யூட்டர் வயரை மீட்டர் வைத்துப் பார்த்தான். எங்கும் அறுந்திருக்கவில்லை. அடாப்டரும் சரியான வோல்டேஜ்தான் கொடுத்தது. கடைசியாக, கம்ப்யூட்டர் படத்துக்கென்று வைத்திருந்த டிவியின் ஏழாவது சேனல் பட்டனை அமுக்கினான். கம்ப்யூட்டர் அணைந்திருந்தபோது திரையில் புள்ளி புள்ளியாக மொய்த்து, ஸ்பீக்கர் இரைந்தது. கம்ப்யூட்டரைப் போட்டதும் புள்ளியும் அடங்கி இரைச்சலும் நின்று திரை கறுத்தது.

கம்ப்யூட்டரிலிருந்து டிவிக்கு சிக்னல் வருகிறது, படம்தான் வரவில்லை, கோளாறு உள்ளேதான் என்று சென்னம்மாளிடம் சொன்னான். திறந்து பார்க்கலாமா என்று கேட்டதற்குத் தங்கவேலு ஒத்துக்கொள்ளவில்லை. பையர் போகும்வரை ஒரு திருகாணிகூடக் கழற்றக் கூடாது என்றுவிட்டார்.

நஞ்சப்பன் பட்டன்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தான். ஓரத்திலிருந்த இரண்டு மட்டும் பிசுபிசுவென்று மெதுவாக மேலே வந்தன. அதை மனதில் குறித்துக்கொண்டு விசாரிக்க ஆரம்பித்தான்.

"கடைசியா எப்பம்மா ஓடுச்சு?"

"நேத்து நாலு மணிக்குங்ணா. ஆயுத பூசைக்கு முந்தி."

"அப்பறம்?"

"வயரைக் கழட்டி வெச்சுப்போட்டனுங்ணா. பூசை வெச்ச சாமானை ஆரு தொடுவாங்க? இப்பத்தான் மாட்டுனேன்."

"ரூம் சாவி?"

"ஒண்ணு மொதலாளிகிட்ட. இன்னொண்ணு மிஷின் ஹால்ல ஆணியில தொங்குமுங்க."

நஞ்சப்பன் எழுந்து நின்று, எல்லோர் காதிலும் விழும்படி தன் முடிவைச் சொன்னான்.

"கரண்டே குடுக்காம வெச்சிருந்த சாமான் தானாக் கெடாதுங்ணா. ஆரோ கை வெச்சிருக்காங்க."

அவன் கணக்கில் தப்பே இல்லை. சொன்ன இடமும் நேரமும்தான் தப்பு.

மணி 10.20.

தங்கவேலுவின் எண்ணம் நேராகக் காசிமாயனிடம் போனது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன், இருபத்து மூன்று வயது. துணி ரோல் தூக்கும் வேலை. ஊரை விட்டு வந்தவனுக்கு வீடு ஏது, ராத்திரி மிஷின் ஹாலிலேயே படுத்துக்கொள்வான். சாவி தொங்கும் ஆணியும் அங்கேதான் இருக்கிறது. போன வாரம் கம்ப்யூட்டர் பட்டனை ஆசையாகத் தொட்டுப் பார்த்ததற்கு எல்லோர் முன்னாலும் தங்கவேலுவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். மனசு பொறுக்காமல், ஊருக்கே போய்விடுகிறேன் என்று சொல்லியும் இருந்தான். கோபம், சாவி, இடம் மூன்றும் சேர்ந்து வந்துவிட்டன. இதற்கு மேல் தங்கவேலு யோசிக்கவில்லை.

ஸ்டேஷனில் ஏட்டு ஒருவர் அவருக்குப் பழக்கம். பைக்கில் வந்தார். காசிமாயன் அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தான். சட்டை போடக்கூட விடவில்லை. வாசலில் தங்கவேலுவின் முகத்தைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். எதுவானாலும் ஸ்டேஷனில் வந்து சொல் என்று ஏட்டு முதுகில் கை வைத்துத் தள்ளினார். நஞ்சப்பன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். தன் பேச்சு இத்தனை வேகமாக வேலை செய்ததில் அவனுக்கு ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது. அந்த ஒரு நிமிஷத்தை நினைத்துப் பிற்பாடு அவன் கூசாத நாள் இல்லை.

மணி 11.00.

பையர் வந்தார். நெட்டையான, வயதான மனிதர். டிவி ரிப்பேர் என்று தங்கவேலு திக்கித் திணறிச் சொன்னதை அவர் பொருட்படுத்தவே இல்லை. துணியைக் கையில் வாங்கி இழுத்துப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மிஷின் ஹாலுக்குள் நுழைந்ததும் ஆளே மாறிப்போனார். நிட்டிங் மிஷின் ஒவ்வொன்றிலும் சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமந்தி மாலை சாத்தியிருந்தது. காமிராவை எடுத்து ஒவ்வொன்றாகப் படம் பிடித்தார். பொட்டு வைத்த மிஷின் பக்கத்தில் தானும் நின்று, தன்னையும் எடுக்கச் சொன்னார்.

தங்கவேலுவின் முகம் சுண்டிப்போனதை நஞ்சப்பன் கவனித்தான். ஏன் என்று அப்போது புரியவில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் மனுஷன் ஏன் இப்படி ஆகிறார் என்று மட்டும் தோன்றியது. கோடு போட்ட துணியில் நாலு சாம்பிள் ஓட்டி அனுப்பச் சொல்லிவிட்டுப் பன்னிரண்டு மணிக்குப் பையர் கிளம்பினார்.

மணி 1.30.

நஞ்சப்பன் சாப்பிட உட்கார்ந்தான். ஈரத் தலையோடு, வெறும் மேலோடு பைக்கில் உட்கார்ந்து போன பையன் கண்ணுக்குள்ளேயே நின்றான். அவன் செய்திருப்பான் என்று நஞ்சப்பன் ஒருபோதும் சொல்லவில்லை. ஆனால் செய்யவில்லை என்றும் சொல்லவில்லையே. எழுந்து கம்பெனியைச் சுற்றி வந்தான்.

கத்தரிக்கோலில் பொட்டு. தராசில் பொட்டு. சைக்கிளில், தண்ணீர் மோட்டாரில், மூலையில் சாத்தியிருந்த விளக்குமாற்றில்கூடப் பொட்டு இருந்தது. ஆபீஸ் அறைக்குள் வந்து டெலிபோனைப் பார்த்தான். பளபளவென்று கறுப்பாக இருந்தது, பொட்டு இல்லை. டிவியில் இல்லை. மேஜை விசிறியில் இல்லை. கம்ப்யூட்டரிலும் இல்லை.

விளக்குமாற்றுக்குக் கிடைத்த மரியாதை லண்டன் சாமானுக்குக் கிடைக்கவில்லையா? தங்கவேலுவின் மனைவி மயிலாத்தாளைத் தேடிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

"அக்கா, நேத்து ஆபீஸ் ரூம்ல பொட்டு வெக்கலீங்களா?"

"அதென்ன அப்பிடிக் கேக்கற? போனு, டிவி, அந்தப் பொட்டி, எல்லாத்துக்கும் என் கையாலயே வெச்சேன். பொட்டிக்கு மட்டும் மூணு. மொத வருசப் பூசையாச்சே, சந்தனத்தைக் கெட்டியாக் கொழச்சு வெச்சேன்."

நஞ்சப்பன் திரும்பி ஓட்டமும் நடையுமாக வந்தான்.

மணி 2.10.

இப்போது யாரையும் கேட்கவில்லை. கம்ப்யூட்டரைக் கவிழ்த்துத் திருகாணிகளைக் கழற்றி மேல் மூடியைத் தூக்கினான். பட்டன்களுக்கு அடியில் மஞ்சளாகச் சந்தனக் கறை வழிந்து காய்ந்திருந்தது. பின்பக்கம், வயர்கள் மாட்டும் திறந்த பொந்தில் குங்குமம் தண்ணீரோடு கரைந்து உள்ளே இறங்கி, தகடுகளுக்கு நடுவே ஒட்டியிருந்தது. தொட்டால் இன்னும் ஈரம். அந்த ஈரத்தோடுதான் சென்னம்மாள் காலையில் சுவிட்சைப் போட்டிருக்கிறாள். போட்ட மாத்திரத்தில் உள்ளே ஷார்ட் ஆகிவிட்டது.

மணி 2.45.

தங்கவேலு, மயிலாத்தாள், சென்னம்மாள் மூவரையும் அறைக்கு வரச் சொன்னான். காலையில் பேசிய மாதிரி சத்தமாக இல்லாமல், தாழ்ந்த குரலில் சொன்னான்.

சந்தனம் வெளியே துளிகூட இல்லை, உள்ளே இருக்கிறது. யாரோ ஈரத் துணியால் அழுத்தித் துடைத்ததில்தான் அது உள்ளே போயிருக்கிறது. கெடுக்க நினைத்தவன் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போயிருப்பான், உட்கார்ந்து பொட்டைத் துடைத்துக்கொண்டிருக்க மாட்டான். அதுவும் டெலிபோனை, டிவியை, விசிறியை எதற்குத் துடைக்க வேண்டும்? துடைத்தவருக்குக் கம்ப்யூட்டர் மேல் கோபம் எதுவும் இல்லை. பையர் வந்து உட்காரப் போகும் அறையில் பொட்டு இருக்கக் கூடாது, அவ்வளவுதான் அவர் எண்ணம். வேலைக்காரர் யாரும் மறுபூஜைக்கு முன்னால் பொட்டில் கை வைக்கத் துணிய மாட்டார்கள். வைத்த கையாலேயே மயிலாத்தாள் அழிக்கப் போவதில்லை. சென்னம்மாள் வந்ததே ஒன்பது மணிக்கு.

"மிஷின்களையும் தொடைக்கோணும்னுதான் நெனச்சிருப்பீங்க. நேரமில்லாமப் போயிருச்சு. பையர் அதைப் போட்டோ எடுத்தப்ப உங்க மொகத்தைப் பாத்தனுங்ணா."

தங்கவேலு ஒத்துக்கொண்டார்.

"ஏழரை மணிக்குத் தொடச்சேன். வெள்ளைக்காரன் பாத்தா பட்டிக்காட்டானுகன்னு நெனைப்பான்னு ஒரு வெக்கம்."

"காத்தால ஆரோ கை வெச்சிருக்காங்கன்னு நானு சொன்னப்ப, ஏனுங்க சொல்லலை?"

"தொடைக்கறதும் கை வெக்கறதுதான்னு எனக்குத் தோணவே இல்லை, நஞ்சப்பா."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் இதில் பெரிய கொடுமை. தன் கை தப்புச் செய்யும் என்ற நினைப்பே அந்த மனிதருக்கு வரவில்லை, அடுத்தவன் கை மேல் மட்டும் சட்டென்று வந்துவிட்டது. சென்னம்மாள் செத்துப்போன கம்ப்யூட்டரைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மயிலாத்தாள் புருஷனிடம் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள்.

"மொதல்ல போயி அந்தப் பையனைக் கூட்டிட்டு வாங்க."

மணி 3.40.

காசிமாயன் ஸ்டேஷன் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். இடது கன்னம் வீங்கியிருந்தது. முதுகில் தடம் தடமாகச் சிவந்திருந்தது. ஏட்டு, புகாரே இல்லையே, கூட்டிக்கொண்டு போங்கள் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். தங்கவேலு கையோடு கொண்டுவந்த புதுச் சட்டையை நீட்டினார். மன்னித்துக்கொள் என்றார், இனிமேல் துணி தூக்க வேண்டாம், ஆபீஸிலேயே வேலை பார்க்கலாம் என்றார். காசிமாயன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான். சட்டையை மட்டும் வாங்கவில்லை. ஹாலில் இருக்கும் தன் பையை எடுத்து வரச் சொல்லி, தன் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான்.

நஞ்சப்பன் கூடவே போனான். மதுரை பஸ் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. இரண்டு டீ வாங்கினான். ஏதாவது பேசினால் தேவலை போலிருந்தது. தன்னால் வந்த வினையைத் தானே தீர்த்ததையாவது அந்தப் பையன் தெரிந்துகொள்ளட்டும் என்று, விளக்குமாற்றுப் பொட்டிலிருந்து ஆரம்பித்து, டெலிபோன், மூடிக்கு உள்ளே கண்ட சந்தனம், கடைசியில் துடைத்தது யார் என்று புரிந்தது வரைக்கும் சொன்னான். காசிமாயன் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டு, வீங்காத பக்கமாக டீயை உறிஞ்சினான்.

"மொதலாளி தொடச்சத நானும் பாத்தேண்ணே. கூட்டிக்கிட்டு இருக்கையில சன்னல் வழியாத் தெரிஞ்சுச்சு."

நஞ்சப்பன் டம்ளரைக் கீழே வைத்தான். பிறகு ஏனப்பா ஸ்டேஷனில் சொல்லவில்லை என்று கேட்டான்.

"சொன்னேன்ல. உள்ள கால் வச்சதும் மொத வார்த்தையே அதத்தேன் சொன்னேன். மொதலாளி மேலயே பழியப் போடுறியான்னு, அதுக்குத்தேன் அடிச்சாக."

கண்டக்டர் விசில் கொடுத்தார். காசிமாயன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தான். கோபமாக ஒன்றும் கேட்கவில்லை, மெய்யாகவே தெரியாமல்தான் கேட்டான்.

"அண்ணே, நீங்க எல்லார்கிட்டயும் கேட்டீகளே, எங்கிட்ட ஏண்ணே கேக்கல?"

பஸ் வளைந்து வெளியே போகும் வரைக்கும் சிஐடி நஞ்சப்பன் அங்கேயே நின்றான். பதில் அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது, துணி தூக்கும் பையனையும் கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.