அரவைக்குள் கை

கூடமெங்கும் ஈக்கள் மொய்த்தன. அரவை இயந்திரத்தின் மேல் மட்டும் ஒன்றுகூட உட்காரவில்லை.

ஆலை இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் அதைத்தான் முதலில் கவனித்தார். நாய்த்தீவனம் தயாரிக்கும் அந்த ஆலையில் ஈ இல்லாத இடமே கிடையாது. தொட்டிகளில் குவிந்து கிடக்கும் குடலிலும் ஈரலிலும், சுவரில் வழிந்து உறைந்த கொழுப்பிலும், வாயருகே கொண்டுபோகும் சாப்பாட்டிலும் அவை வைத்ததுதான் சட்டம். இப்போதோ, இயந்திரத்தின் அகன்ற வாயில் இறைச்சி கருத்துக் காய்ந்துகொண்டிருக்க, ஈக்கள் ஒரு சாண் தூரம்வரை வந்து, சூடு பட்டதுபோல் திரும்பிக்கொண்டிருந்தன.

காலையில் அந்த வாய்க்குள்தான் அவர் மனைவியின் தம்பி ஒரு கையை இழந்தான். ஓரிடத்தில் நிற்கமாட்டான், யாரையாவது சீண்டிக்கொண்டே இருப்பான் என்பதால் ஆலை முழுக்க அவனுக்குப் பெயர் வாலு. எலும்பு சிக்கி நின்றதைத் தள்ளிவிட மேடையேறியிருக்கிறான். மேடையெல்லாம் கொழுப்பு, கால் வழுக்கிவிட்டது. வாயை மூடியிருக்க வேண்டிய கம்பி வலையை, வேலை சுணங்குகிறது என்று சூப்பர்வைசர் கழற்றச் சொல்லிவிட்டிருந்தார். உள்ளே சுழலும் இரும்புத் திருகு அவன் வலது கையை முழங்கைவரை வாங்கிக்கொண்டது.

"உள்ள இருக்கறதை வழிச்செடுத்துட்டு, சாயங்காலம் ஓடற மாதிரி பண்ணிடுங்க பிட்டரே," என்றார் சூப்பர்வைசர், கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி.

"என் மச்சினன் கை உள்ள கிடக்குது சார்."

"புரியுது. ஆனா எல்லாம் ஒண்ணாக் கலந்து போயிருக்குமே. எது எதுன்னு எப்படிப் பிரிப்பீங்க?"

அந்தக் கேள்வியைக் கூடத்திலேயே விட்டுவிட்டு அவர் வெளியேறினார்.

பிட்டர் மின்சாரத்தைத் துண்டித்தார். செல்போனை மேடை விளிம்பில் வைத்தார். கையுறைக்குள் விரல்கள் மரத்துவிடும், எது இறைச்சி எது தோல் என்று தெரியாது. அதனால் வெறுங்கையையே உள்ளே விட்டார். குளிர்ந்த கொழுப்பு நகங்களுக்கடியில் ஏறியது. மணிக்கட்டைத் தாண்டி, சட்டைக் கைக்குள் ஊர்ந்து, அக்குள்வரை வந்து ஒட்டிக்கொண்டது. நாட்பட்ட இரத்தத்தின் துருவாடையோடு, இனிப்பாக, அழுகும் பழத்தைப்போல இன்னொரு வாடை. மூச்சை வாயால் இழுத்தார். அப்போது அது நாக்கில் படிந்தது. அள்ளிய ஒவ்வொரு பிடியையும் விளக்கடியில் பரப்பி விரலால் கலைத்துப் பார்த்தார். நரம்பு. சவ்வு. நீலச் சட்டைத் துணியின் கிழிசல் ஒன்று. அதற்குள் மயிரோடு ஒரு துண்டுத் தோல். அதை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, மேடையோரமாகக் குனிந்து வாந்தியெடுத்தார்.

போன் அடித்தது. பச்சையைத் தொட்டதும் திரையெங்கும் கொழுப்பு இழுபட்டது.

"என்னங்க, கிடைச்சுதா?" மனைவியின் குரல் கம்மியிருந்தது. "ஒட்ட வைக்க முடியாதுன்னு டாக்டர் கையை விரிச்சுட்டாரு. ஆனாலும் எடுத்துட்டு வாங்க. அம்மா விடாம அழறாங்க. பிள்ளையோட கையை நாய்க்குப் போட்டுடுவாங்களாங்கறாங்க."

"போடமாட்டேன். நான் பார்த்துட்டிருக்கேன்ல?"

"அவன் கண்ணு முழிச்சுட்டான். உங்ககிட்டப் பேசணுமாம். இருங்க, காதுல வைக்கறேன்."

பிட்டர் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மறுபடி கையை விட்டார்.

"மாமா," என்றான் வாலு. "என் கையைத் தொடறது நீங்களா?"

கை போனவர்களுக்கு அது இன்னும் இருப்பதாகவே தோன்றும் என்று பிட்டர் கேள்விப்பட்டிருந்தார். அரிப்பெடுக்கும், வலிக்கும், விரல் மடங்கும். "மருந்து மயக்கம்டா. பேசாம தூங்கு."

"இப்ப வழிச்சு எடுத்தீங்க. இப்ப... நிறுத்திட்டீங்க."

அவர் உண்மையிலேயே நிறுத்தியிருந்தார்.

வேண்டுமென்றே உள்ளங்கையை இடப்பக்கம் நகர்த்தி, திருகின் மடிப்பில் அடைந்திருந்த கூழை இரு விரலால் கிள்ளினார். போனில் வாலு அலறினான். பின்னால் மனைவி நர்ஸைக் கூப்பிடும் சத்தம்.

"கிள்ளாதீங்க மாமா! எடுத்துடுங்க. சீக்கிரம் எடுத்துடுங்க. இங்க ரொம்ப நெருக்கமா இருக்கு."

பிட்டர் தோள்வரை கையை நுழைத்தார். கன்னம் இரும்பில் அழுந்தியது. இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே, திருகுக்கும் சுவருக்கும் இடையே, ஏதோ முழுசாகத் தட்டுப்பட்டது. விரல்கள். மென்மையாக, ஊறிய தோலோடு. பற்றினார். வழுக்கியது. மறுபடி பற்றினார்.

"கிடைச்சுதுடா," என்றார். "கிடைச்சிடுச்சு. பிடிச்சுட்டேன்."

"இல்லையே," என்றான் வாலு.

அவர் இழுத்தார். சப்பென்ற ஓசையோடு அது விடுபட்டு வந்தது.

"நீங்க என்னைப் பிடிக்கல மாமா. வேற யாரோ என்னைப் பிடிச்சிருக்காங்க. உள்ளேயிருந்து."

விளக்கடியில் விரித்தார். சோப்புபோல வெளிறிய கை. மணிக்கட்டோடு முடிந்திருந்தது. கட்டைவிரல் தவறான பக்கத்தில் இருந்தது.

இடது கை.

இந்த ஆலையில் வேறு யாருக்கும் கை போனதில்லை. ஆனால் இயந்திரம் பழையது. எத்தனையோ ஆலைகளில் ஓடி, கைமாறிக் கைமாறி இங்கே வந்தது.

கீழே போட நினைத்தார். அது விடவில்லை. ஊறிய விரல்கள், குழந்தை பற்றுவதுபோல மெதுவாக, அவர் சுட்டுவிரலைச் சுற்றி மடங்கின.

"நிறைய பேர் இருக்காங்க மாமா." வாலு இப்போது அழவில்லை. கிசுகிசுத்தான். "என்னைத் தள்ளறாங்க. எல்லாரும் ஒரே பக்கமாப் போறாங்க."

இயந்திரத்தின் மறுமுனையில் ஈரமான ஒரு சத்தம்.

பிட்டர் திரும்பினார். அரைத்த இறைச்சி வெளிவரும் இரும்புத் தட்டு. தட்டெல்லாம் துளைகள். திருகு சுழலவில்லை. எதுவுமே ஓடவில்லை. ஆனாலும் ஒவ்வொரு துளையிலிருந்தும் சிவந்த கூழ் பிதுங்கியது. விரல் தடிமனில். மெதுவாக. நீண்டுகொண்டே.

எதுவும் அறுந்து விழவில்லை.

நுனிகளில் ஏதோ மினுங்கியது. எலும்புத் தூள் என்று நினைத்தார். குனிந்து பார்த்தார்.

நகங்கள்.

தட்டு நிறைய நகங்கள். ஒன்றையொன்று உரசிக்கொண்டு, மடங்கி, நிமிர்ந்து, காற்றைத் துழாவின. பிறகு, எல்லாம் ஒன்றாக, அவர் பக்கம் திரும்பின.